அகதா அம்மையாரின் முள்ளுக்கரண்டி

ஆக்லாந்தின் மங்கரேயில், விமானங்கள் கூரைத் தகரத்தை உரசுவதுபோல் இறங்கும் ஒரு தெருவில், கிரிம்ஷோ அன்ட் சன்ஸ் என்ற கம்பனி இருபத்தைந்து வருடமாகச் செருப்புச் செய்துவந்தது. காலில் போடுகிற செருப்பல்ல, தின்கிற செருப்பு. பெயர் சன்னி ஸ்லிப்பர். இரண்டு மாத்தகட்டுக்கு நடுவே ஜாமைத் தடவி, ஒட்டி, வேகவைத்து, பளபளக்கும் தாளில் சுற்றி விற்பார்கள். வாங்கியவர்கள் அதைப் பாண் வாட்டுகிற ரோஸ்ரருக்குள் போட்டால் சுடச்சுட மேலே துள்ளிவரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். ருசி எப்படி என்று கேட்டால், பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

வின்சென்ற் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1985 மாசியில். மன்னார்ப் பேசாலையில் கரைவலை இழுத்த கை அவனுக்கு. கொழும்புக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கப்பல் வேலைக்கென்று புறப்பட்டு, ஆக்லாந்துத் துறையில் கரைக்கு இறங்கியவன் திரும்பிக் கப்பலில் ஏறவில்லை. மனைவி மாகிரட்டும் ஆறு வயது மகளும் மன்னாரில் ஒரு கோயில் விறாந்தையில் படுத்தெழும்பினார்கள். பேசாலையில் அவர்களுடைய வீடு நின்ற இடத்தில் இப்போது வீடு இல்லை.

கம்பனியில் அவனுக்குக் கிடைத்த இடம் அடுப்புக்கு முன்னால். ஸ்லிப்பரின் ஓரத்தை ஒரு உருளை அழுத்தி ஒட்டும். அந்த உருளை தேய்ந்து வழுவழுத்துப்போயிருந்தது. பத்துக்கு மூன்று அடுப்புக்குள் வாய் பிளக்கும். கொதிக்கிற ஜாம் ஓடுகிற பட்டியில் கொட்டிக் கருகும். அந்தக் கருகலைச் சுரண்டி எடுப்பது மெலேயின் வேலை. மெலே தொங்காத் தீவில் இருந்து வந்தவள், நாலு பிள்ளைகளின் தாய். சுரண்டி எடுத்த கருகலையும் நிலத்தில் விழுந்த மாவையும் ஒரு வாளியில் சேர்த்து அரைத்து அடுத்த நாள் ஜாமுக்குள் கலப்பார்கள். பெட்டியில் அதற்குப் பெயர் 'பண்ணை வீட்டுச் சுவை'.

மெலேக்குத் தமிழ் தெரியாது. வின்சென்றுக்கு அவளுடைய பாஷை தெரியாது. அவள் 'ஆம்' என்பதற்கு இயோ என்பாள், இவன் ஓம் என்பான். இயந்திரச் சத்தத்துக்குள் அவர்களுக்கு அதற்குமேல் பேச்சுத் தேவைப்படவில்லை. பட்டி ஓடட்டுமா? இயோ. நிப்பாட்டவா? ஓம். அந்த வரிசையில் நின்ற பதினாறு பேரும் இரண்டு சொல்லையும் பழகிக்கொண்டார்கள். அதை மந்திரம் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு நாள் ஜாம் மெலேயின் முன்கையில் கொட்டியது. தோல் தாள்போல உரிந்துவந்தது. மேற்பார்வையாளன் வந்து பார்த்து, பட்டி எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதிக்கொண்டு போனான்.

அன்றைக்குத் தேநீர் இடைவேளை முடிந்து வரும்போது வின்சென்ற் தன் முள்ளுக்கரண்டியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். கம்பனி ஆளுக்கொரு முள்ளுக்கரண்டி கொடுத்திருந்தது. தொலைத்தால் மற்றது கிடையாது. அதனால் அவன் ஆணியால் அதன் பிடியில் தமிழில் 'வி' என்று கீறி வைத்திருந்தான். அடுப்புக்குள் போகப்போகிற ஸ்லிப்பர்களின் ஓரத்தை அந்த முள்ளால் வரிசையாக அமத்திக்கொண்டு போனான். நத்தாருக்கு முதல்நாள் மாகிரட் மாவை மடித்துப் பொரிக்கிற பற்றீஸுக்கு ஓரம் அமத்துவதை அவன் வருடா வருடம் பக்கத்தில் இருந்து பார்த்து, தானும் அமத்தினவன். பிந்தினால் கைமேல் அடி விழும், அப்படிப் பழகினது. இருநூறு ஸ்லிப்பர் உள்ளே போய் இருநூறும் வாய் மூடியபடி வெளியே வந்தன.

மெலே துணி சுற்றிய கையோடு குனிந்து பார்த்தாள். "இயோ?" என்றாள்.

"ஓம்," என்றான்.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியற்ற உபகரணத்தை உற்பத்தி வரிசைக்குள் கொண்டுவந்த குற்றத்துக்கு எச்சரிக்கை. முள்ளுக்கரண்டியையும் பறித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்துப் புதிய உருளை வந்து பூட்டினார்கள். அதன் இரண்டு விளிம்பிலும் முள்ளுக்கரண்டியின் பல்லைப்போலவே பல் வெட்டியிருந்தது. வின்சென்றுக்கு அது போதும். மெலேயின் கை ஆறிவந்தது. மத்தியானச் சோற்றை அவன் விரலால் தின்றான்.

அடுத்த வருடம் சித்திரையில் கம்பனிக்கு வெள்ளிவிழா வந்தது. வெள்ளிவிழாவுக்கு ஒரு வரலாறு வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றியது. ஸ்லிப்பருக்கு வரலாறு இல்லாமலில்லை. கிரிம்ஷோ என்பவர் 1961இல் வெளியூரில் இப்படியொரு சாமானைத் தின்று பார்த்து, அதேமாதிரிச் செய்து விற்றார். உண்மை அவ்வளவுதான். இதை விழாவில் வாசித்தால் அரை நிமிடத்துக்கு மேல் வராது. எனவே மரபு அலுவலகம் என்று ஒன்று திறந்தார்கள். அதற்கு அலுவலராக மிஸ் விற்கம் என்ற பெண் வந்தார். அவருக்கு ஒரு மேசை, ஒரு ரேப் ரெக்கோர்டர், வெள்ளைத் துணிக் கையுறை இரண்டு. வரிசையில் நிற்பவர்கள் சூட்டுக் கையுறை கேட்டு எழுதிய கடிதம் எட்டு மாதமாக அதே மாடியில் கிடந்தது.

வரலாறு கிழமைக்குக் கிழமை பின்னோக்கி வளர்ந்தது. முதலில் 1961. பிறகு, கிரிம்ஷோ சிறுவனாக இருக்கும்போதே கனவு கண்டதால் 1940. கடைசியில் அவருடைய தாயார் அகதா அம்மையார் 1931ஆம் வருடப் பஞ்சத்தில், காய்ந்த பாண் துண்டுக்குள் ஜாமை வைத்து, தன் முள்ளுக்கரண்டியால் ஓரத்தை அழுத்திப் பிள்ளைகளின் பசியை ஆற்றினார் என்று முடிவாயிற்று. அகதா அம்மையார் அந்த வருடம் உயிரோடு இருந்தாரா என்பதை அலுவலகத்தின் குழு ஒன்று தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

வைகாசியில், வாசல் மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, ஊதா வெல்வெட் துணியில் அந்த முள்ளுக்கரண்டியைக் கிடத்தினார்கள். பொது முகாமையாளர் மிஸ்ரர் ஹோல்ற் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பேசினார்.

"இந்தக் கரண்டியைப் பாருங்கள். ஒரு தாயின் கை இதைப் பிடித்தது. வரலாறு என்பது எளிதில் உடையும் பொருள். அதனால்தான் அதைச் செய்தவர்களின் கையில் நாங்கள் விடுவதில்லை."

பிடியில் இருந்த கீறலைப் பற்றி மிஸ் விற்கம் விளக்கினார். அது ஒரு பறவை, கூட்டுக்கு மேல் குனிந்து நிற்கிறது, தாய்மையின் சின்னம், அகதா அம்மையார் தன் கையாலேயே செதுக்கியது. இனிமேல் அந்தச் சின்னம் ஒவ்வொரு பெட்டியிலும் பொன் நிறத்தில் அச்சாகும்.

வின்சென்ற் எட்டிப் பார்த்தான். வெல்வெட்டில் கிடந்த தாய்மை அவனுடைய வி. அவன் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கிறவனுக்கு இந்த ஊர்ப் பத்திரம் வேண்டும், அவனிடம் இருந்தது ஒரு வருட வேலை அனுமதி மட்டும்.

அந்த அனுமதி ஆவணியில் முடிகிறது. நிரந்தரமாக நின்று குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமானால் வேலை கொடுப்பவரின் கடிதம் ஒன்று ஆடி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இங்கே உள்ள எவருக்கும் தெரியாத ஒரு வேலை இந்த மனிதனுக்குத் தெரியும் என்று அதில் இருக்க வேண்டும். நகரின் மேற்கே ரானுயியில் அவனோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த ஏரம்பமூர்த்திதான் அந்தப் படிவத்தை வாசித்து விளக்கினார். யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், இப்போது நகர மையத்தில் ஒரு வங்கியின் தரை துடைக்கிறார். ஆங்கிலமும் வாளியும் அவருக்கு ஒரே அளவு பாரம்.

"ஐசே, உமக்கு எவருக்கும் தெரியாத வேலை என்ன தெரியும்?"

"மீன் பிடிப்பன்."

"அது இஞ்ச மாவோரிச் சனம் உம்மைவிட நல்லாப் பிடிக்கும். வேற?"

வின்சென்ற் யோசித்து, ஓரம் அமத்தின கதையைச் சொன்னான். ஏரம்பமூர்த்தி எழும்பி உட்கார்ந்தார். "அதைப் போய்ச் சொல்லும். அந்த வி உம்மட எண்டு சொல்லும். அதைவிடப் பெரிய சாட்சி என்ன கிடக்கு?"

ஆனியில் வின்சென்ற் மிஸ்ரர் ஹோல்றின் அறைக்குப் போய், பாடமாக்கிய ஆங்கிலத்தில் சொன்னான். மிஸ்ரர் ஹோல்ற் முகம் சுளிக்காமல் கேட்டார். இது வரலாறு சம்பந்தப்பட்ட விடயம், எனவே மரபு அலுவலகம் விசாரிக்கும், முடிவு வரும்வரை கடிதம் கையெழுத்தாகாது என்றார்.

மிஸ் விற்கம் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு கதிரையில் இருத்தினார். ரேப் சுழன்றது. சுற்றிவர நாலு பேர் கோட்டுப் போட்டு நின்றார்கள். வின்சென்றின் வாயில் மூன்று மொழி எப்போதும் வரிசையில் நிற்கும். சிங்களம், ஆங்கிலம், தமிழ். பயம் வந்தால் மற்ற இரண்டையும் இடித்துக்கொண்டு தமிழ் முன்னுக்கு வந்துவிடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் கண்ணைத் தாழ்த்தி ஒரே பதில் சொல்லிவிட்டு, உடுப்பெல்லாம் வேர்வையில் ஒட்ட வெளியே வந்தான். விசாரணை நல்லாத்தான் போனது என்று நினைத்தான்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. ஏரம்பமூர்த்தி சமையலறை விளக்குக்குக் கீழே பிடித்து வாசித்தார்.

கேள்வி: இந்த ஓரத்தை முதலில் அழுத்தியவர் நீங்களா? பதில்: தொழிலாளர் கண்ணைத் தாழ்த்திப் பிரார்த்தித்தார்.

கேள்வி: இந்தக் கரண்டி உங்களுடையதா? பதில்: பிரார்த்தனை தொடர்ந்தது.

கேள்வி: பிடியில் உள்ள அடையாளத்தை நீங்கள் இட்டீர்களா? பதில்: தொழிலாளர் தம் மரபின் புனித ஒலியை இருமுறை எழுப்பினார். அங்கிருந்த அனைவரும் ஓர் அமைதியை உணர்ந்தோம்.

முடிவு: ஓரம் அகதா அம்மையாருடையது. தொழிலாளர் ஓர் இந்து ஞானி.

வின்சென்றின் கழுத்தில் மடு மாதாவின் பதக்கம் தொங்கியது. விசாரணை நேரம் முழுக்க அவன் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏரம்பமூர்த்தி சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "அறுபது வயசுமட்டும் திருநீறு பூசின என்னை ஒருத்தன் ஞானி எண்டு சொல்லேல்ல. நீர் வேதக்காரன், ஒரு நாள் வாய் திறந்தீர், பட்டம் தந்திட்டாங்கள்." பிறகு வின்சென்றின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "கடிதம் தருவாங்களோ?"

கடிதம் தந்தார்கள். மிஸ்ரர் ஹோல்ற் கூப்பிட்டு, தாமே கதிரையை இழுத்துப் போட்டார். ஓரம் அழுத்தத் தெரியும் என்று எழுத முடியாது, அது வரலாற்றுக்கு முரண். ஆனால் இந்த நாட்டில் எவருக்கும் தெரியாத வேறொரு திறமை உங்களிடம் இருப்பதைக் கம்பனி கண்டுபிடித்திருக்கிறது. தினமும் வேலை தொடங்குமுன் அகதா அம்மையாரின் கரண்டிக்கு முன்னால் நின்று அந்த ஒலியை எழுப்புங்கள். சந்தைப்படுத்தலில் உள்ளவர்கள் மிகவும் ஆர்வமாக இருக்கிறார்கள்.

"ஸேர், அது பிரார்த்தனை இல்லை," என்றான் வின்சென்ற். "அதுக்கு அர்த்தம் 'யெஸ்'."

மிஸ்ரர் ஹோல்ற் உருகிப்போனார். "எல்லாவற்றுக்கும் 'யெஸ்'," என்றார் மெதுவாக. "எவ்வளவு ஆழம். எங்கள் தொழிலாளர்கள் எல்லாரும் இந்தத் தத்துவத்தைப் படிக்க வேண்டும்."

கடிதம் மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. தொழில்: மரபு ஓதுவார். குடும்பம் வந்து சேரும்வரைக்கும் ஒவ்வொரு மாதமும் கம்பனி அதை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதம் விட்டால் எல்லாம் ரத்து. வின்சென்றுக்குக் கோயில் விறாந்தை தெரிந்தது. சிமெந்துத் தரையில் விரித்த பாய் தெரிந்தது.

"ஓம்," என்றான்.

மிஸ்ரர் ஹோல்ற் கண்ணை மூடி அதை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

ஆடி முதல், காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குமுன் எல்லாரும் தலை வலையோடு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வின்சென்ற் மூன்று தரம் ஓம் சொன்னான். பிறகுதான் பட்டி ஓடும். முதல் கிழமை மெலே சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எங்கள் பாஷையில் இயோவும் அதேதானே, எங்களை ஏன் ஞானி ஆக்கவில்லை என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டாம் கிழமை நேரம் அளக்கிற ஒருவன் மணிக்கூட்டோடு வந்தான். ஓம் ஒன்று சராசரி இரண்டு விநாடி, தரம் குறைவு, நாலு விநாடியாக்க வேண்டும் என்று எழுதினான். மூன்றாம் கிழமை பெட்டியில் புது வாசகம்: 'ஒவ்வொரு ஸ்லிப்பரிலும் கிழக்கின் அமைதி.' கரண்டிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தேநீர் அறையிலிருந்த மற்ற முள்ளுக்கரண்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சனத்துக்குப் பல்லில்லாத வெறும் கரண்டி மட்டும் வைத்தார்கள். இறைச்சியைக் கரண்டியால் வெட்டித் தின்னப் பழகினார்கள்.

ஒரு நாள் வின்சென்றுக்குத் தொண்டை கட்டிக் குரல் வரவில்லை. பதினேழு நிமிடம் வரிசை நின்றது. அவசரத்துக்கு மெலேயைப் பிடித்து முன்னுக்கு விட்டார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு மூன்று தரம் இயோ என்றாள். பட்டி ஓடியது, ஸ்லிப்பரும் வழக்கம்போல வந்தது. ஆனாலும் அன்றைக்குச் செய்த நாலாயிரம் ஸ்லிப்பரைத் தனியாக வைத்து, அவற்றில் இருப்பது எந்தத் திசையின் அமைதி என்று குழு இரண்டு நாள் கூடிப் பேசியது. கடைசியில் அவற்றை அரைத்துப் பண்ணை வீட்டுச் சுவைக்குள் போட்டார்கள்.

ஞாயிறு பூசைக்குப் போனபோது, நான் பொய்த் தெய்வத்துக்கு முன்னால் நிற்கிறேன் என்று வின்சென்ற் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். என்ன தெய்வம் என்று பாதிரியார் கேட்டார். முள்ளுக்கரண்டி என்றான். பாதிரியார் அவனை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

புரட்டாதியில் உருளை மறுபடியும் தேய்ந்தது. பல் மழுங்கி, ஸ்லிப்பர் பழையபடி வாய் பிளந்தது. ஜாம் பட்டியில் கொட்டியது. புது உருளை வேண்டும் என்று வரிசையில் நின்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மிஸ்ரர் ஹோல்ற் மாடியிலிருந்து இறங்கி வந்து, அடுப்பின் சூட்டைத் தாங்காமல் தள்ளி நின்று பேசினார்.

"பெப்ரவரியில்கூட இந்த உருளை நன்றாகத்தான் இருந்தது. மாறியது உருளையல்ல, மனநிலை. நான் கவனித்தேன், வின்சென்ற், அண்மைக்காலமாக உங்கள் ஒலியில் நம்பிக்கை இல்லை. ஆறு விநாடியாக்குங்கள். ஒரு மாதம் பார்ப்போம்."

ஆறு விநாடி ஓம் சொன்னான். நாலாம் நாள் ஜாம் மெலேயின் அதே கையில் அதே இடத்தில் கொட்டியது. பழைய தழும்பு பிளந்தது. வின்சென்ற் தேநீர் அறைக்கு ஓடினான். அங்கே முள்ளுக்கரண்டி இல்லை. வாசல் மண்டபத்துக்கு ஓடினான். கண்ணாடிப் பெட்டியில் பூட்டுத் தொங்கியது. பூட்டை உடைக்க அவன் கைக்கு ஒரு அடி போதும். அடித்தால் அந்த மாதக் கடிதம் வராது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, அதற்குள் அவனுடைய வி. அவன் கையை இறக்கினான். திரும்பி வந்து மெலேயின் கையைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தான்.

"நாளைக்கும் சொல்லப் போறியோ?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல வாய் கூசியது. தலையை மட்டும் ஆட்டினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் அவனோடு இயோ பேசவில்லை.

கார்த்திகையில் மாகிரட்டும் மகளும் வந்து இறங்கினார்கள். கம்பனியிலிருந்து விமான நிலையம் நடக்கிற தூரம். ஆனாலும் மிஸ்ரர் ஹோல்ற் காரில் வந்தார், மிஸ் விற்கம் ரேப் ரெக்கோர்டரோடு வந்தார், பேப்பருக்குப் படம் எடுக்க ஒருவன் வந்தான். ஞானியின் குடும்பம் முதல் ஸ்லிப்பரைச் சுவைக்கும் காட்சி வெள்ளிவிழா மலருக்கு வேண்டும். விமான நிலையத்துக் கடையில் ரோஸ்ரர் கேட்டு வாங்கி, ஒன்றைச் சுடச்சுடத் தயாராக வைத்திருந்தார்கள்.

மாகிரட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதியாகியிருந்தாள். மகள் அவன் யார் என்று தெரியாமல் தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்றாள். அவன் இரண்டு பேரையும் தொடுவதற்குள் மிஸ்ரர் ஹோல்ற் இடையில் புகுந்து ஸ்லிப்பர்ப் பெட்டியை நீட்டினார். மாகிரட் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது. உங்கட வி இதில கிடக்கு?"

"ஓம்."

மிஸ்ரர் ஹோல்ற் தொப்பியைக் கழற்றி, உட்புறம் மேலே பார்க்க நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையாலும் ஏந்தினார்.

அவள் சுட்ட ஸ்லிப்பரை எடுத்தாள். ஓரத்தில் மழுங்கிக் கிடந்த பல் தடத்தை விரலால் தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "இது நான் பற்றீஸுக்கு அமத்துற ஓரமெல்லோ. நான் காட்டித் தந்ததெல்லோ. இவையளிட்ட நீங்கள் சொல்லேல்லையோ?"

"கேட்டவங்கள்," என்றான் வின்சென்ற். "ஓம் எண்டுதான் சொன்னனான்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் மிஸ்ரர் ஹோல்ற், மிஸ் விற்கம், படம் எடுக்க வந்தவன் மூவரும் தலையைக் குனிந்தார்கள். ரேப் சுழன்றது. மாகிரட் ஒரு கடி கடித்தாள். இரண்டு தரம் மென்றாள். நிறுத்தினாள். துப்புவதற்கு இடம் தேடிச் சுற்றிவரப் பார்த்தாள். தரை பளிங்கு மாதிரிப் பளபளத்தது, அதில் துப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

முன்னால் ஒரு வெள்ளைக்காரன் தொப்பியை ஏந்திக்கொண்டு, குனிந்து, ஆறு விநாடி கண்ணை மூடி நின்றான். அவள் அந்தத் தொப்பிக்குள் துப்பினாள்.